சௌந்திரக்கா அணைத்த சூடம்

இருபது வருடமாக மைக் செட் கட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், எழவு வீடு, எதையும் விட்டதில்லை. இத்தனை காலத்தில் என் மைக்கில் பேசப்பட்ட பேச்சையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பிழிந்தால் ஒரு டம்ளர் உண்மை தேறாது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நான் சொல்வதுதான் பல மேடைகளில் நம்பத்தகுந்த ஒரே சொல். அதனால் யார் என்ன உருக்கமாகப் பேசினாலும் எனக்கு உடம்பு சிலிர்ப்பதில்லை. நான் பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு தடவை சிலிர்த்தது. பேசியவர் சௌந்திரக்கா. பேசியது நாலே வரி.

எங்கள் ஊர் ஊஞ்சப்பாளையம். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. கோழிப்பண்ணை வாடை அடித்தால் ஊர் வந்துவிட்டது என்று இறங்கிக்கொள்ளலாம். சௌந்திரக்காவுக்கும் ஒரு பண்ணை உண்டு. அவர் வீட்டுக்காரர் சின்னண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக்கு வண்டியோடு மத்தியப் பிரதேசத்துப் பக்கம் போர் போடப் போய்விடுவார். ஆடிக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம் தலைகாட்டினால் பெரிது. தீவனம் அரைப்பதும், தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலப்பதும், முட்டை ஏற்ற வருகிற வண்டிக்காரனிடம் மல்லுக்கட்டுவதும் அக்கா ஒருத்திதான். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் கொட்டகைக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சிலும் பாதி கோழிகளோடு.

இப்பேர்ப்பட்ட ஆள் தேர்தலில் நின்றது தண்ணீரால்தான். ஒரு கோடையில் கிழக்கு வளவுத் தெருக்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவே இல்லை. அக்கா தன் போர்த் தண்ணீரை டிராக்டர் தொட்டியில் பிடித்து வீதி வீதியாக ஊற்றினார். பேனர் வைக்கவில்லை, போட்டோ பிடிக்கவில்லை. கோடை முடிகிற சமயத்தில் ஊராட்சி ஆபீசுக்குப் போய், அப்போது தலைவராக இருந்த குமாரசாமியிடம், "எங்க போர்ல இருக்கற வரைக்கும் நான் ஊத்தறனுங்க. அதும் வத்திப்போச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். குமாரசாமி சிரித்தார். "அப்ப நீயே தலைவராயிரு அம்மிணி" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த ராசப்பண்ணன், "ஏன், ஆனா என்ன?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் ராசப்பண்ணன் என்னவெல்லாம் பணயம் வைத்தார் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அவரும் குமாரசாமியும் பங்காளிகள். ஒரே குலம், ஒரே குலசாமி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அத்தனை பங்காளி வீட்டுக்கும் தீட்டு. அப்படி ஒட்டிப் பிறந்தவரை எதிர்த்து, மாற்றுக் குலத்துப் பெண்ணை நிற்க வைத்து, அவர் பக்கத்தில் தானும் நின்றார். தலைவருக்கு அக்கா, ஒரு வார்டு உறுப்பினருக்கு அவர், ஜெயித்து வந்தால் அவரே துணைத்தலைவர் என்று பேச்சு. ராசப்பண்ணன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிற சாதாரண விவசாயி. உரத்துப் பேச மாட்டார். ஆனால் அவர் ஒரு வாசலில் நின்று "சித்த யோசிங்க" என்று சொன்னால், அந்த வீட்டில் யோசிப்பார்கள்.

உரத்துப் பேசுவதற்குத் தனபால் இருந்தார். சின்னண்ணனின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தனார். பூட்டு சாவிச் சின்னத்தைத் தெர்மாகோலில் ஆளுயரத்துக்கு வெட்டி என் ஆம்னி வேனின் கூரையில் கட்டச் சொன்னவர் அவர்தான். முதல் வேகத்தடையிலேயே சாவி உடைந்து விழுந்தது. மீதி நாளெல்லாம் வெறும் பூட்டோடு சுற்றினோம்.

பிரச்சாரம் ஓய்ந்தது. மைக்கைக் கழற்றி வைத்தாயிற்று. எங்கள் ஊர்களில் ஓட்டு உறுதியாவது அதற்குப் பிறகுதான். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் கொடி இல்லாமல், கோஷம் இல்லாமல் ஒருத்தர் இரண்டு பேராக வீடு வீடாகப் போய்ச் சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அக்கா அணியில் அந்த வேலைக்கு ராசப்பண்ணனை விட்டால் ஆள் இல்லை. அன்று காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்ட நேரத்தில் குமாரசாமியின் அம்மா பாப்பாயி செத்துப்போன சேதி வந்தது.

பங்காளி வீட்டுச் சாவு. பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டும். அது மட்டுமில்லை, தீட்டுப்பட்ட ஆள் இன்னொருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று நல்ல காரியம் கேட்க முடியாது. தனபால் குதித்தார். "நாளன்னைக்குப் போயித் துக்கம் கேட்டுக்கலாமுங்ண்ணா. இன்னைக்கு ஒரு நாளு தள்ளி நில்லுங்க" என்றார். ராசப்பண்ணன் திரும்பினார். அக்காவைப் பார்த்து, "போகோணும் அம்மிணி" என்றார். அக்கா யோசிக்கக்கூட இல்லை. "போங்கண்ணா" என்றார்.

குமாரசாமி வீட்டுச் சாவுக்கும் நான்தான் மைக் செட். ஆமாம், எனக்கு அணி கிடையாது, ஒயர்தான் உண்டு. அதனால் நான் கண்ணால் பார்த்தேன். பாடையின் முன் பக்கம் ஒரு தோள் குமாரசாமி, மறு தோள் ராசப்பண்ணன். நேற்றுவரை எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் ஈர வேட்டியோடு, ஒரே அடி வைத்து, ஊர் நடுவே நடந்து போனார்கள். வீதியில் நின்றவர்கள் பிணத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு தோள்களைத்தான் பார்த்தார்கள். சுடுகாட்டு வேலை முடிவதற்குள் ஊரெல்லாம் பேச்சு: "ராசப்பன் அந்தப் பக்கம் போயாச்சு."

ஓட்டு எண்ணினார்கள். ஊராட்சித் தேர்தலில் இன்னும் சீட்டுத்தான். வார்டுக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு ரோஸ் சீட்டு. வெள்ளைச் சீட்டில் ராசப்பண்ணன் அலுங்காமல் ஜெயித்தார். ரோஸ் சீட்டில் அக்கா நாற்பதுக்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் குமாரசாமியிடம் தோற்றார். அதிலும் ராசப்பண்ணனின் வளவு ஓட்டு அவருக்கு வெள்ளையில் கொட்டியிருந்தது, அக்காவுக்கு ரோஸில் சொட்டியிருந்தது.

தனபாலுக்கு இது போதாதா? "பாடை தூக்கப் போனது சரி, அது மொறை. சுடுகாட்டுல பேரம் பேசியாச்சு. தன்னக் காப்பாத்திக்கிட்டு எங்கண்ணிய வித்துப்போட்டான்" என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினார். குமாரசாமி தரப்பில், துணைத்தலைவர் பதவி ராசப்பனுக்குத்தான் என்று யாரோ வாயை விட்டார்கள். எரிகிறதில் எண்ணெய் ஊற்றினது போல் ஆயிற்று. முந்தின வாரம் ராசப்பண்ணனின் தோளில் கை போட்டுக்கொண்டு போனவர்கள், அவர் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பினார்கள். அவர் பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வரப்போன சம்பந்தமும் "பொறகு பாக்கலாமுங்க" என்று பின்வாங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் அணிக்காரர்களைத் தனபால் கூட்டினார். ராசப்பன் வந்து சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்றார். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று என்னை வேறு மைக் கட்டச் சொன்னார். பிரச்சாரத்துக்குக் கட்டின ஹாரன் ஸ்பீக்கர்கள் இன்னும் அங்கங்கே இருந்தன. ஒன்று அக்காவின் கோழிக் கொட்டகைக் கூரையிலேயே இருந்தது.

சூடம் அணைப்பது சின்ன விஷயம் இல்லை. அம்மன் முன்னால் கொளுத்தின சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, இன்னார் மேல் சத்தியம் என்று சொல்ல வேண்டும். பொய்யென்றால் அந்த இன்னாரை அம்மன் கேட்டுவிடுவாள். உண்மையே என்றாலும், சத்தியம் பண்ண வைக்கப்பட்டவன் என்ற பெயர் அந்த ஆளை விட்டுப் போகாது. அவன் பேரப்பிள்ளை காலத்திலும் "சூடம் அணச்ச ஊடு" என்பார்கள்.

ராசப்பண்ணன் வந்தார். கோயில் வாசலுக்கு வெளியே, ரோட்டோரமாகவே நின்றுகொண்டார். "உள்ள வாங்க" என்றார் தனபால்.

"கருமாதி முடியலையப்பா. தீட்டோட எப்படி உள்ள வாரது?"

தனபால் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கையை விரித்தார். தீட்டுக்காரர் கையில் அம்மன் சூடம் படக்கூடாது, கருமாதி கழியட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் அந்த முடிச்சு உறைத்தது. எந்தச் சாவுக்குப் போனதால் அந்த மனிதர் மேல் பழி வந்ததோ, அதே சாவு, பழியைத் துடைக்கவும் விடாமல் அவரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

"கருமாதிக்குள்ள துணைத்தலைவரு தேர்தலே முடிஞ்சுருமே!" என்று தனபால் கத்தினார். "பாத்தீங்களா, பாத்தீங்களா, சாக்கு ரெடியா வெச்சிருக்கறான். மடியில கனமில்லைன்னா வழியில எதுக்குப் பயம்..." கூட்டம் கூடவே கத்தியது. "துரோகி" என்று ஒரு குரல் வந்தது. ராசப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சௌந்திரக்கா எழுந்தார். அன்றைக்கும் அந்த முழுக்கைச் சட்டைதான். நேராக வந்து என் கையில் இருந்த மைக்கை வாங்கினார். பிரச்சாரம் பூராவும் மைக்கைக் கொடுத்தால் பாம்பைப் பிடித்த மாதிரி தள்ளிப் பிடிக்கிறவர், அன்று வாயருகே வைத்துக்கொண்டார்.

"தோத்தது நானுங்க. கேக்கறதுன்னா நான்தானே கேக்கோணும். ராசப்பண்ணன் எனக்குத் துரோகம் பண்ணலை. பண்ணியிருந்தா, ஊட்டுல மாசமா இருக்கற என்ற புள்ள மேல, அவ வயித்துல இருக்கறது மேல வந்து சேரட்டும்."

சொல்லிக்கொண்டே மறு கையால், ராசப்பண்ணனுக்கென்று தட்டில் கொளுத்தி வைத்திருந்த சூடத்தின் மேல் ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து ஊரின் எல்லா ஹாரனிலும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மயிர் நட்டுக்கொண்டு நின்றது. ஆம்ப்ளிஃபயரை அணைக்கத் தோன்றாமல் நின்றேன்.

சொந்த விஷயத்துக்குச் சத்தியம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் நெஞ்சுக்குள் இருப்பதற்குத் தான் பெற்ற மகளை வைத்து யாரும் சத்தியம் பண்ணிப் பார்த்ததில்லை. அதிலும் அந்த ஆளால் தோற்றுப்போனதாக ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது. தனபால் வாயைத் திறந்தபடி நின்றார். கூட்டம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கலைந்தது. துணைத்தலைவர் பதவி வேண்டாம் என்று ராசப்பண்ணன் அன்றைக்கே சொல்லியனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கொட்டகைக் கூரையில் இருந்த ஹாரனை அவிழ்க்கப் போனேன். அதன் வழியாகத்தான் அக்காவின் ஒரே மகள் தனப்பிரியா அந்தச் சத்தியத்தைக் கேட்டிருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மாமனார் வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தது. அம்மாவும் மகளும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூரை மேலே.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே."

"அதனாலதான் கேக்கோணும்."

எனக்கும் மகள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டது. மத்தியப் பிரதேசத்திலிருந்து சின்னண்ணன் போனில் போட்ட சத்தம் கூரைவரை கேட்டது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஊர் காத்திருந்தது. சூடம் அணைத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது எங்கள் ஊரில் ஒரு வேலை. கொட்டகையில் ஒரு கோழி சுருண்டால் பத்து வாய் பேசும். மாசியில் எங்கோ நோய் பரவுகிறது, கோழியால் வருகிறது என்று ஒரு புரளி கிளம்பி முட்டை விலை பாதாளத்துக்குப் போனது. பால் சொசைட்டியில் ஒருத்தர், "அம்மன் கேக்க ஆரம்பிச்சுட்டா" என்றார். வரிசையில் நின்றிருந்த அக்கா திரும்பினார். "ஏனுங்க, முட்டை வெல நாமக்கல் ஜில்லா பூராவும்தானே எறங்கிப் போச்சு? ஜில்லாவே சூடம் அணச்சுதாக்கும்?" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் தனப்பிரியாவுக்குக் கால் வீங்கியது. தலை சுற்றியது. ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள். என் ஆம்னியில்தான் நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அக்கா மகளின் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளவில்லை, பேசவும் இல்லை. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டு போனார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மத்தியானம் ராசப்பண்ணன் வந்தார். கருமாதி எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில் நானும் அக்காவும் நின்றிருந்தோம். என்னைப் பார்த்தும் அவர் தயங்கவில்லை. கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. (இதை எழுதட்டுமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். "எழுதிக்க, மறைக்கறதுக்கு இனி என்ன இருக்குது" என்றார்.)

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். ரோஸ் சீட்டுல என்ற ஓட்டு உனக்கு உழுகலை."

அக்கா அவரையே பார்த்தார்.

"சத்தியமா யாருகிட்டயும் எதும் பேசலை. என்ற வளவுல எல்லாருகிட்டயும் உனக்குத்தான் போடச் சொல்லியிருந்தேன். ஆனா காலைல சீட்ட வாங்கிட்டு மறைவுக்குள்ள போனனா... எங்கம்மா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. அந்தப் பாப்பாயிப் பெரியம்மாதான் எனக்குச் சோறு போட்டு ஆளாக்குச்சு. மொத நாளுதான் அதத் தூக்கிட்டுப் போயி வெச்சுட்டு வந்திருக்கறேன். அது பெத்த பையனுக்கு எதுரா குத்த கை வரலை அம்மிணி. ஒரு குத்து. குமாரசாமி சின்னத்துல குத்திப்போட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ எனக்காகச் சூடம் அணச்சப்பவே சொல்லியிருக்கோணும். பயந்துட்டேன். இப்ப உன்ற புள்ள உள்ள கெடக்குது. நான் ஊருக்கு முன்னால நின்னு சொல்லிப் போடறேன். நான் ஒத்துக்கிட்டா அந்தப் பாவம் என்ற தலைக்கு வந்துரும். உன்ற புள்ளைய உட்டுரும்."

எனக்குத் தலைக்குள் ஏதோ பொரிந்தது. இந்த மனிதருக்காக அல்லவா இந்தப் பொம்பளை மகளை வைத்துச் சத்தியம் பண்ணினார்! இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் வந்தா சொல்வது? கை ஓங்கியிருப்பேன். அக்கா இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவர் கத்தப்போகிறார், மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். தூற்றினால் அதில் தப்பே இல்லை.

அக்கா ஆஸ்பத்திரி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார், "வேற யாருக்காச்சும் குத்தச் சொன்னீங்களாண்ணா?"

"இல்ல அம்மிணி. என்ற குடும்பமே உனக்குத்தான் போட்டுது."

"நீங்க சுடுகாட்டுல என்ன வித்துட்டீங்கன்னாங்க. விக்கலைன்னு நான் சூடம் அணச்சேன். நீங்க விக்கலை. சோறு போட்டவிய பையனுக்கு ஒரு ஓட்டுப் போட்டீங்க. அதுக்குப் பேரு துரோகம்னு அம்மன் சொன்னா, அது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு. ஊருக்கு முன்னால போயி எதும் சொல்ல வேண்டாம். உங்க பையனுக்குக் கல்யாணம் ஆகோணும். ஊட்டுக்குப் போங்க."

அவரை அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனார். போனவர் வரவே இல்லை. தேடிக்கொண்டு போனால், குழாயைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அக்கா பயமே இல்லாத பிறவி இல்லை. அவருக்கு அம்மன் மேல் என்னைவிடப் பயம். உள்ளே மகள் கிடக்கிறாள். சத்தியத்தைப் பொய்யாக்கினவர் வந்து, என் தலைக்கு மாற்றிக்கொள் என்று கழுத்தை நீட்டுகிறார். மாற்றிக்கொண்டிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? அவ்வளவு பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மனிதரை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் குழாயை மூடாமல் வெளியே வந்து நின்றேன். பெரிய பெரிய தலைவர்களுக்கெல்லாம் மைக்கை உயர்த்தி வைத்திருக்கிறேன். யாருக்கும் கும்பிடு போடத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி தாய்க்கும் சேய்க்கும் பழுதில்லை. சின்னண்ணன் போனில் குழந்தை மாதிரி அழுதார். தனபால் இனிப்பு டப்பாவோடு வந்து, "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்ண்ணி, அம்மன் கைவிட மாட்டான்னு" என்றார். அக்கா அந்த இனிப்பை வாங்கி அப்படியே ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்தார்.

பிறந்த குழந்தையின் உதட்டில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் பக்க வழக்கம். சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் தேடிப் பிடித்துத்தான் கூப்பிடுவார்கள். ஃபேர்லேண்ட்ஸ் சம்பந்தி, பெரிய ஆடிட்டரான தன் அண்ணனை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா பொறுக்கச் சொல்லிவிட்டு மகளின் கட்டிலருகே போனார். நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ் சீட்டு விஷயத்தை ஒன்று விடாமல் மகளிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அன்னைக்கு உன்னக் கேக்காமப் பண்ணிப்போட்டேன், தப்புத்தான். இன்னைக்குக் கேக்கறேன். சேனை வைக்க ராசப்பண்ணனக் கூப்பிடட்டுமா? வேண்டாம்னா வேண்டாம் சாமி, உட்டுரலாம்" என்றார்.

தனப்பிரியா அம்மாவைப் பார்த்தது, குழந்தையைப் பார்த்தது. ஊசி குத்தியிருந்த கையை எடுத்து அம்மாவின் முழங்கை மேல் வைத்தது. "மாமாவ வரச் சொல்லும்மா" என்றது.

நானே போய்க் கூட்டிவந்தேன். எதற்கென்று சொல்லவில்லை. குழந்தை பிறந்ததைப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தார். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை அக்கா நீட்டியதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டடி பின்னால் போனார்.

"நானா? வேண்டாம் அம்மிணி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரிஞ்சுதாண்ணா கூப்பிட்டேன்."

"என்ற புத்தி இந்தப் புள்ளைக்கு எதுக்கம்மிணி?"

"செத்த மனுசி போட்ட சோத்த மறக்கலை. ஒரு ஓட்டுக்காக ரெண்டு மாசமாத் தூங்கலை. என்ற புள்ளைக்கு ஒண்ணுன்னதும் பழிய வாங்கிக்க ஓடி வந்தீங்க. இதுல பாதி புத்தி வந்தாப் போதுமுங்ண்ணா. வையுங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்து, பால் தவிர ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று சத்தம் போட்டது. விரல் நனைகிற அளவுதான் என்று தனப்பிரியா கெஞ்சியது. ராசப்பண்ணன் மண்வெட்டி பிடித்துக் காய்த்த சுண்டுவிரலைக் கிண்ணத்தில் தொட்டார். விரலைக் கிண்ணத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ராசப்பண்ணன் விரலை மெல்லக் கொண்டுபோய்க் குழந்தையின் கீழ் உதட்டில் வைத்தார்.